குழை வலப்பக்கம் கிடந்தது

“நீங்க பாத்தியளா அத்தை? உங்க ரெண்டு கண்ணால பாத்தியளா?”

“சத்தம் போடாதட்டி. தெருவே பாக்குது.”

“பாக்கட்டும். சுரண்டை வரைக்கும் போய்ச் சொன்னியள்லா, அப்ப வராத வெக்கம் இப்ப எங்கேருந்து வருது?”

காலை ஆறே முக்கால் மணிக்குப் பால் வாங்கிக்கொண்டு திரும்புகிற பொம்பளையை வழிமறித்து ஒருத்தி இப்படிக் கேட்டால், அவள் முதலில் எதைப் பற்றிக் கவலைப்படுவாள்? பாலைப் பற்றித்தான். என் பாக்கெட்டின் மூலையில் ஓட்டை. பேச்சு வளர வளர அது முழங்கை வழியாக ஒழுகிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் காபி கிடையாது. நடந்த நஷ்டங்களில் முதல் நஷ்டம் எனக்குத்தான் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், சஃப்ரின் மேடம்.

நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு இன்ஸ்பெக்டராக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. போன கார்த்திகையில் நடந்தது உங்களுக்கு ஃபைலில் இருக்கிற அளவுக்குத்தான் தெரியும். உட்கார்ந்து எழுதுங்கள் என்று ஒரு தாள் கொடுத்தீர்கள். நான் இன்னும் ஆறு தாள் கேட்டதும் உங்கள் ரைட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு தாளில் முடிகிற விஷயத்தை நான் என் ஆயுளில் பேசியதில்லை.

என் பெயர் முத்துவடிவு. வயது ஐம்பத்தேழு. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் மாடி வீடு. என் வீட்டுக்காரர் விஸ்வநாதன் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச வேண்டியதையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர். ஆக, எங்கள் வீட்டுக்கு வேண்டிய பேச்சையும் நானே பேச வேண்டியதாகிவிட்டது. மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற கம்பிக்குப் பக்கத்தில் நின்றால் தெருவின் இரண்டு முனையும் தெரியும். துணி காயப்போட எனக்கு எப்போதும் முக்கால் மணி நேரம் ஆகும்.

எங்கள் தெருவில் ஒரு விஷயம் என் வாயிலிருந்து வந்தால் அது செய்தி. மற்றவர்கள் வாயிலிருந்து வந்தால் வெறும் பேச்சு. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்னது ஒன்றுகூடத் தப்பியதில்லை. ஆவுடைநாயகம் மகன் துபாயில் வேலை போய்த்தான் ஊருக்கு வந்திருக்கிறான், லீவில் வரவில்லை என்று அவன் பெட்டியைப் பார்த்தே சொன்னேன். லீவில் வருகிறவன் பழைய போர்வையைக் கொண்டுவருவானா? இப்படிக் கண்ணில் படுவதை எடுத்துக் கோர்ப்பதற்கு ஒரு கை வேண்டும். அது எனக்கு இருந்தது.

என்னிடம் கத்தியவள் ஸ்ரீமதி. எதிர்வீடு. இருபத்தாறு வயது, இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அம்மா இல்லை. அப்பா பால்வண்ணநாதன், கோயில் கட்டளைக் குடும்பம், நெற்றியில் திருநீறு கலைந்து யாரும் பார்த்ததில்லை. அவள் அம்மா செத்தபோது பதினாறு நாள் சாம்பார் கொடுத்தனுப்பியவள் நான். பாத்திரத்தை வாங்கப் போகிற சாக்கில் பதினாறு நாளும் உள்ளே போய் வந்தேன் என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு மாரித்தாயுடையது. அவள் மகன் மணிமுத்து பட்டாளத்தில் இருந்தான். முப்பது வயது. புரட்டாசியில் இரண்டு மாத லீவில் வந்தான். வந்த ஒரு வாரத்துக்குள் ஸ்ரீமதியின் ஸ்கூட்டர் நின்றுபோக, அவன் உட்கார்ந்து பிளக்கைத் துடைத்துக் கொடுத்தான். அதற்கடுத்த வாரம் முக்குக்கடையில் இரண்டு பேரும் சிரித்தார்கள், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் அவன் ஒரு காகிதப் பையை அவள் கையில் கொடுத்தான். பையில் இருந்தது அவள் அப்பாவின் மூட்டுவலிக்கு மிலிட்டரி கேன்டீனில் வாங்கிய தைலம் என்று பிற்பாடு சொன்னார்கள். இருக்கட்டும். தைலமென்றால் அதை அவள் அப்பாவிடமே கொடுக்கலாமே.

அதே ஐப்பசியில் ஸ்ரீமதிக்கு சுரண்டையில் ஒரு வரன் கூடிவந்தது. பெங்களூரில் வேலை. பூ வைக்க நாள் குறித்துவிட்டார்கள். சுரண்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பந்தியில் எனக்குப் பக்கத்து இலை மாப்பிள்ளையின் சித்தி. “பொண்ணு எப்படி, நீங்க எதிர்வீடுல்லா?” என்று கேட்டாள். பாயசம் விடுகிற வரைக்கும் சும்மா இருந்தேன். அப்புறம், “தங்கமான பொண்ணு. அந்தப் பட்டாளத்துப் பையன் லீவு முடிஞ்சு போயிட்டா எல்லாம் சரியாப்போவும்” என்றேன். அவ்வளவுதான். அவள் பாயசத்தைத் தொடவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் காலை நேரத்துச் சண்டை.

“சொன்னது நெசம்னா நெசம்னு சொல்லுங்க. பொய்னா பொய்னு சொல்லுங்க,” என்றாள் ஸ்ரீமதி. “ரெண்டுங்கெட்டான் பேச்சு வேண்டாம்.”

“நான் என்னத்தச் சொன்னேன்? நல்ல பொண்ணுன்னுதான் சொன்னேன்.”

“சரி. ஞாயித்துக்கிழமை கூகைப்பொத்தைக்கு எல்லாரும் போறோம்லா. உச்சிசாஸ்தா முன்னால நான் சூடம் அடிக்கேன். மாப்பிள வீட்டு சித்தியையும் வரச்சொல்லியாச்சு. நீங்களும் வரணும். வராம இருந்திராதிய.”

தெருவில் அத்தனை வாசலிலும் ஆள் நின்றார்கள். வழக்கமாக நான் ஓரமாக நின்று பார்க்கிற இடத்தில் அன்றைக்கு மற்றவர்கள் நின்றார்கள். அந்தக் கோணத்திலிருந்து தெரு அவ்வளவு அழகாக இல்லை.

கூகைப்பொத்தையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே, பெரிய மலைக்குப் பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிற குன்று. பொத்தை என்று பெயர்தானே தவிர ஏறி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். உச்சியில் சாஸ்தாவுக்கு ஒரு கல். ஃபாரஸ்ட்காரர்கள் வருஷத்தில் ஒரே ஒரு நாள், கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆளை ஏற விடுவார்கள். மூன்று மணிக்குள் எல்லாரும் கீழே வந்துவிட வேண்டும். ஏறின வழியில் இறங்கக் கூடாது என்பது அந்தச் சாமிக்கு உள்ள முறை. கிழக்கே ஏறி, மேற்கே இறங்கி, மலையை ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட மருதமரத்தடிக்கே வந்து சேர வேண்டும். அங்கே சூடம் அடித்துச் சத்தியம் பண்ணினவருக்கு இன்னொரு முறை: சூடம் அணைத்த கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, எல்லாரும் இறங்கிய பிறகு கடைசியாகத்தான் இறங்க வேண்டும்.

இந்த முறைகள் எதையும் நான் ஏற்படுத்தவில்லை. அதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருபத்து மூன்று பேர். குற்றாலத்தில் மாலை போட்ட சாமிமார் கூட்டம். சிப்ஸ் கடைகளில் காலையிலேயே எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ராத்திரி பெய்த மழையில் பெரிய அருவி சேற்றுத்தண்ணீராகக் கொட்டியது, குளிக்க விடவில்லை. மருதமரத்தடியில் மாடன் அண்ணாச்சி எங்களை நிறுத்தி வைத்துப் பேசினார். அறுபத்தெட்டு வயது. முப்பது வருஷமாக அவர்தான் முன்னால் நடந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர். காலில் செருப்புக்கூட இல்லை. எங்கள் காலுக்கெல்லாம் அட்டைக்கடிக்கு உப்பும் புகையிலைத் தண்ணியும் தடவிவிட்டார்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நான் முன்னால போவேன். பாதை ரெண்டாப் பிரியுத எடத்துல, போகக்கூடாத பக்கம் பச்சைக் குழை ஒடிச்சுக் குறுக்கப் போட்டிருப்பேன். குழை கெடந்தா அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது. யாரும் அதத் தொடவும் கூடாது. இறங்கயில ஒரு எடம் வரும், இடது பக்கம் பழைய தடம். போன மழைல அது சரிஞ்சு போச்சு. பாறை வழுக்கும். பாறைக்கு அந்தாண்ட ஒண்ணும் கிடையாது, வெறும் ஆகாசந்தான். கடைசி ஆளா மணி வருவான். ஏலே மணி, உனக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கப்படாது.”

“சரி அண்ணாச்சி,” என்றான் மணிமுத்து. பட்டாளத்தான் இல்லையா, அப்படியே விறைப்பாக நின்று சொன்னான். 

மூன்று சுவருக்கு அப்பால் புருஷனும் பெண்டாட்டியும் கிசுகிசுப்பது எனக்குக் கேட்கும். மாடன் சொன்னது கேட்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கேட்டது. ஒரு சொல் விடாமல் கேட்டது.

ஏறுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மஞ்சு இறங்கிப் பத்தடிக்கு முன்னால் போகிறவர்கள் புகை மாதிரிதான் தெரிந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தி பாவம், பட்டுப்புடவையில் வந்திருந்தாள். மலைக்குப் பட்டுப்புடவை கட்டுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட ஒருத்தி சத்தியம் பண்ண வேண்டியிருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. சிரிக்கவில்லை. முழங்கால் வலி.

பதினொரு மணிக்கு உச்சி. ஸ்ரீமதி பித்தளைத் தட்டில் கொண்டுவந்த சூடத்தைக் கல்லின் மேல் வைத்து ஏற்றினாள். காற்றில் இரண்டு தடவை அணைந்து மூன்றாம் தடவை நின்றது. அணைந்தபோதெல்லாம் நான் நிம்மதியாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“எனக்கும் மணி அண்ணனுக்கும் நடுவுல ஒண்ணும் கிடையாது. இருந்தா சாஸ்தா பாத்துக்கிடட்டும்,” என்று சொல்லி உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. சித்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். “வெள்ளிக்கெழம பூ வச்சிருவோம்ட்டி” என்றாள். பால்வண்ணநாதன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். மாரித்தாய் தன் மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்தது, எனக்கு மட்டும் இல்லை.

ஸ்ரீமதி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இவ்வளவு தாள் வீணாகியிருக்காது. அவள் கருகிய உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே, “அத்தை, நீங்க மன்னிப்பு எதுவும் கேக்க வேண்டாம். இனிமே சும்மா இருந்தாப் போதும்” என்றாள்.

அப்போதுதான் இசக்கிச்செல்வி வாயைத் திறந்தாள். பத்து வருஷமாக என் மாடிப்படியில் உட்கார்ந்து நான் சொல்வதை வாங்கிக்கொண்டு போய்த் தெருவில் விநியோகம் செய்தவள். நான் வளர்த்த பிள்ளை என்றே சொல்லலாம். “யக்கா, இனிமே ஒங்க சரக்க ரெண்டு தடவ சலிச்சுத்தான் எடுக்கணும் போல” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சாஸ்தா கோயில் முன்னால், அவ்வளவு உயரத்தில், இருபது பேர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எதிரொலி வேறு. என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இருபத்தாறு வருஷம், மேடம். ஒரு வரி தப்பியதில்லை.

இறங்க ஆரம்பித்தோம். ஸ்ரீமதி முறைப்படி கல்லைக் கழுவுவதற்காகத் தங்கினாள். “மணி, நீ அவகூட வா” என்று மாடன் அண்ணாச்சியே சொன்னார். பாருங்கள், அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது அவர்தான், நானில்லை. என் முழங்காலைப் பற்றித்தான் சொன்னேனே, நான் பின்தங்கிவிட்டேன். எனக்கு முன்னால் போனவர்கள் மஞ்சுக்குள் போய்விட்டார்கள். எனக்குப் பின்னால் அந்த இரண்டு பேர், கால் மணி தூரத்தில்.

அரை மணி நேரம் இறங்கியதும் அந்த இடம் வந்தது. வெறும் பாறை. கால் தடம் பதியாது. பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் குறுக்கே ஒரு காட்டுப்பலாக் குழை, ஒடித்த இடத்தில் பால்கூடக் காயவில்லை. சின்னக் கிளை. கால் கிலோ இருக்காது.

நான் நின்றேன். முழங்காலுக்கு ஓய்வு கொடுக்கத்தான் நின்றேன். நிற்கும்போது ஒரு கணக்குத் தோன்றியது. இந்த இரண்டு பேரும் இடது பக்கம் கொஞ்ச தூரம் போய், வழி தவறித் திண்டாடி, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ தாமதமாக, சேறும் சகதியுமாக மருதமரத்தடிக்கு வந்தால் என்ன ஆகும்? கன்னிப்பெண்ணும் லீவில் வந்த பட்டாளத்தானும், இரண்டு மணி நேரம், காடு. நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. பட்டுப்புடவைச் சித்தி பார்த்துக்கொள்வாள். நான் சொன்னது சொன்னபடி ஆகிவிடும்.

குழையை எடுத்தேன். வலது பாதையில் இரண்டு எட்டு உள்ளே வந்து, திரும்பிப் பார்த்து அதைக் குறுக்கே போட்டேன். மாடன் போடுகிற மாதிரியே, ஒடித்த முனை மலைப்பக்கம் பார்க்க. ஒரு வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். மணிமுத்து நல்ல பிள்ளை, குறி எங்கே கிடக்கிறதோ அதை மதிப்பான். வேறு யாராவது என்றால், இடது பக்கம் சரிந்துவிட்டது என்று மாடன் சொன்னதை நினைத்து யோசித்திருப்பார்கள்.

கையில் பிசின் ஒட்டியிருந்தது. கால் மணி நேரம் இறங்கியதும் குறுக்கே வந்த ஓடையில் கழுவினேன்.

இரண்டேகாலுக்கு நான் மருதமரத்தடிக்கு வந்தேன். மாரித்தாய் மகனுக்குச் சோறு பொங்க முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்றாயிற்று. மூன்றரையாயிற்று. மழை பிடித்தது. மாடன் அண்ணாச்சி, “நான் திரும்ப ஏறுதேன்” என்று எழுந்துவிட்டார். இரண்டு பேர் போனும் கிடைக்கவில்லை. மலையில் டவர் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அணைத்து வைத்திருக்கிறார்களோ என்று ஒருத்தர் முனகினார். யார் என்று சொல்ல மாட்டேன். அவர் முனகாமல் இருந்திருந்தால் எனக்கு அது தோன்றியிருக்காது.

“எங்க ஏறப் போறிய அண்ணாச்சி?” என்றேன். “அவங்க எனக்கு முன்னாலயே இறங்கியாச்சே.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாலு மணி நேரத்துக்கு முன்னால் சிரித்த அதே முகங்கள்.

“கடைசிச் சரிவுல என்னைத் தாண்டிப் போனாங்க. குறுக்கு வழியா செங்கோட்டை ரோட்டுக்கு. அங்கன ஒரு வெள்ளைக் கார் நின்னுச்சு. நான் கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல. இந்நேரம் ஆரியங்காவு தாண்டிக் கேரளாவுக்குள்ள போயிருப்பாங்க. எனக்கு எதுக்கு வம்பு, இனிமே சும்மா இருக்கச் சொல்லிருக்கால்லா, அதான் வாயத் தெறக்கல.”

கடைசி வரிதான் அவர்களை நம்ப வைத்தது. நான் சொல்லாமல் இருந்தேன் என்றதும் சொன்னது உண்மையாகிவிட்டது. சித்தி எழுந்து புடவையை உதறிவிட்டுக் காருக்குப் போனாள். மாடன் மட்டும், “சத்தியம் பண்ணுன பிள்ளை அப்படிப் போவுமா?” என்று நின்றார். பால்வண்ணநாதன் அவர் கையைப் பிடித்தார்.

“யாரும் ஏற வேண்டாம் மாடா. சாஸ்தா முன்னால பொய் சொன்னவளத் தேடி என்ன ஆவப்போவுது. போனவ போனவதான்.”

அவரே சொல்லிவிட்டார், பெற்ற தகப்பன். நானா சொன்னேன்?

ஸ்டேஷனிலும் வந்து விவரம் கேட்டார்கள். விவரம் இல்லாமல் நான் எதையும் சொன்னதில்லை. காரின் பின்கண்ணாடியில் ஐயப்பன் படம், ஸ்ரீமதி தோளில் நீலப் பை, மணிமுத்து கதவைத் திறந்துவிட்டான் என்றெல்லாம் சொன்னேன். இருவரும் வயது வந்தவர்கள் என்று எழுதிக்கொண்டார்கள். சாமிமார் கூட்டத்துக்குப் பந்தோபஸ்து போனது போக மிச்ச ஆளில்லாத நேரம்.

அடுத்த இரண்டு நாள் என் மாடிப்படியில் உட்கார இடமில்லை. ஞாயிறு சாயங்காலத்திலிருந்து செவ்வாய் காலை வரை பத்தொன்பது தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த வெள்ளைக் கார் எனக்கே கண்ணில் தெரிய ஆரம்பித்தது. இசக்கிச்செல்வி அதிரசம் சுட்டுக்கொண்டு வந்து, “யக்கா, தப்பாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்கிடாதிய” என்றாள். அதிரசத்தில் பாகு முற்றியிருந்தது. ஆனாலும் தின்றேன். வெளியே மழை விடவே இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் மாரித்தாய் வந்தாள். படியேறி வரவில்லை, வாசலிலேயே நின்றாள். குடை இல்லை.

“மதினி, எம் மவன் என்ட்டச் சொல்லாம ஒரு டீ குடிக்கக்கூடப் போவ மாட்டான். ஊரு சொல்லுதத நான் நம்பல. நீங்க சொன்னா நம்புதேன். நீங்க நெசமாவே பாத்தியளா?”

“பாத்தேன் மாரித்தாய்,” என்றேன். “நல்லா இருந்தான். போன் பண்ணுவான், வீட்டுக்குப் போ.”

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். போய்ப் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மாடியிலிருந்து பார்த்தேன், எழுந்திருக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை பகலில் மழை வெறித்து வெயில் தெரிந்தது. பொத்தைக்கு மேற்கே கிராம்பு எஸ்டேட்டில் காவல் இருக்கிற முகம்மது இஸ்மாயிலுக்குத் தட்டு தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. அந்த வனாந்தரத்தில் யார் தட்டு தட்டுவார்கள் என்று போய்ப் பார்த்தார். ஸ்ரீமதிதான். இடது கால் இரண்டு இடத்தில் ஒடிந்து, பித்தளைத் தட்டைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தாள். மணிமுத்து அவள் மடியில் கிடந்தான். அவள் வழுக்கினபோது பிடிக்கப் போய், அவளோடு சேர்ந்து விழுந்து, அவனுக்குத்தான் அடி அதிகம். இடுப்பு உடைந்து உள்ளே ரத்தம் கட்டிவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டுதான் இருந்தானாம். “அம்மை ஆளைக் கூட்டிட்டு வருவா, பயப்படாத” என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

ஞாயிற்றுக்கிழமையே கொண்டுவந்திருந்தால், என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. மற்றவர்கள் முடிக்காமல் விட்டதை முடித்து வைப்பதுதான் என் பிழைப்பு. அதை மட்டும் நான் தொடவில்லை.

வெள்ளைக் கார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எனக்குக் கண் சரியில்லை என்றேன். யாரோ வேறு ஜோடியைப் பார்த்திருக்கிறேன், மஞ்சு வேறு என்றேன். தெருவே சேர்ந்து என்னைச் சமாதானப்படுத்தியது. இசக்கிச்செல்வி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டேன். இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், வெறும் கண்ணாடி.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஸ்ரீமதி ஒன்றுதான் சொன்னாள்: “குழை வலப்பக்கம் கிடந்தது.” அதோடு பழி மாடன் தலையில் விழுந்தது. கிழவனுக்கு இடது வலது மறந்துபோச்சு, ஒரு பையனைக் கொன்னுட்டான் என்று பேசிக்கொண்டார்கள். வேடிக்கை, அவரும் அதை நம்பிவிட்டார். முதலில் “இடது பக்கந்தான் போட்டேன்” என்றார். பிறகு “போட்ட மாதிரிதான் இருக்கு” என்றார். இப்போது, “வயசாயிட்டுல்லா, மாத்திப் போட்டிருப்பேன்” என்கிறார். போன வாரம் அவரைப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்துவிட்டு எந்தக் கையால் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் வந்தேன். ஒரு தவறான செய்தி ஊரில் நடமாடுவது எனக்குப் பிடிக்காது. குழையை மாடன் சரியாகத்தான் போட்டார். மாற்றியது நான். இதைத் தெருவில் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை, என் கண்ணைக் குறை சொல்வார்கள். அதனால் சீல் வைத்த காகிதத்தில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். ஓடையில் கை கழுவிக்கொண்டிருந்தேன் என்று எழுதினேனே, அப்போது இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் பித்தளைத் தட்டு பாறையில் உருளுகிற சத்தம். அப்புறம் அவள் குரல். “மணீ” என்று ஒரு தடவை. பிறகு ஒன்றுமில்லை. நான் நின்று காது கொடுத்தேன். முன்னால் போன கூட்டம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது, ஒரு குரல் கொடுத்திருந்தால் மாடன் திரும்பியிருப்பார். கொடுக்கவில்லை. எனக்கு அப்போது தோன்றியதை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்: சூடம் அடிக்கும்போது மணி அண்ணன் என்றாளே, இப்போது அண்ணனைக் காணோமே என்றுதான் தோன்றியது. அது போதுமென்று நடையைக் கட்டினேன்.

மற்றபடி எல்லாரும் ஒவ்வொரு பக்கமாகப் போய்விட்டார்கள். சுரண்டை மாப்பிள்ளைக்கு வைகாசியில் கடையநல்லூர்ப் பெண்ணோடு கல்யாணம் முடிந்தது. சித்தி எனக்கும் பத்திரிகை அனுப்பினாள். பால்வண்ணநாதன் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருநெல்வேலியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். ஸ்ரீமதி அவரோடு போகவில்லை. தேட வேண்டாம் என்று சொன்ன தகப்பன் முகத்தை அவள் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மாரித்தாய் வீட்டில்தான் இறங்கினாள். பங்குனியில் இரண்டு பேருமாக மாரித்தாயின் பிறந்த ஊரான கடையத்துக்குக் குடிபோய்விட்டார்கள். காலைச் சற்றுத் தாங்கித்தான் நடக்கிறாளாம், ஆனாலும் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாளாம். இசக்கிச்செல்வி நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம், கூடத்தில் மணிமுத்து படத்துக்குத் தினமும் அவள்தான் பூப் போடுகிறாளாம், மாரித்தாய் அவளை “மருமவளே” என்றுதான் கூப்பிடுகிறாளாம்.

நான் இதை ஐப்பசியிலேயே சொன்னேனா இல்லையா, எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.